பாலியல் குற்றங்களையும் குற்றவாளிகளின் சீர்திருத்தத்தையும் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இதைத்தான் படிக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று, அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கேன் பிள்ளை உந்தக் கேவலமான கதையள்?" என்று கேட்டா. அவவின் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே அப்படி ஒரு கதை இருந்தது. சிறுபிள்ளை ஒன்றைத் துன்புறுத்திய குற்றத்துக்காகச் சிறை சென்ற ஒருவர், தண்டனை முடிந்து ஒரு நாள் காலை திரும்பி வந்தார். அவர் வெளியே வந்துவிட்டார் என்பதை அந்தப் பிள்ளையின் தாய் யாரும் சொல்லி அறியவில்லை. சந்திக் கடையில் பாண் வாங்கப் போன இடத்தில் அவரை நேரே கண்டுதான் அறிந்தா. அடுத்த கிழமையே மூன்று வீடுகளின் வேலி உயர்ந்தது. அதற்கு மேல் எவரும் எதுவும் செய்யவில்லை, செய்யத் தெரிந்த எவரும் அங்கே இருக்கவும் இல்லை.

இந்தத் துறையைப் படிக்க விரும்பும் உயர்தர மாணவர்கள், சட்டம், சமூகவியல், உளவியல் பட்டதாரிகள், பிரதேச செயலகங்களில் வேலை செய்யும் உத்தியோகத்தர்கள் என்று பலர் என்னிடம் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். நான் போன பாதையையும், போகத் தவறி வருந்திய பாதையையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதற்படி: சொற்களைத் திருத்திக்கொள்ளுங்கள்

புத்தகத்தைத் திறக்க முன் ஒரு கொப்பியை எடுத்து, இந்த விடயத்தில் நம் ஊரில் புழங்கும் சொற்களை எழுதுங்கள். அவற்றில் பாதி உங்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும்.

'கற்பழிப்பு' என்பதை முதலில் வெட்டுங்கள். குற்றம் செய்தவனுடைய செயலைச் சொல்லவேண்டிய சொல், பாதிக்கப்பட்டவள் எதையோ இழந்துவிட்டாள் என்று சொல்கிறது. 'பாலியல் வல்லுறவு' என்று எழுதுங்கள். 'மிருகம்', 'காமுகன்' என்ற சொற்களையும் படிப்புக்குள் கொண்டுவராதீர்கள். சட்டம் தண்டிப்பது ஒரு மனிதனின் செயலை. மிருகத்தைத் தேடிக்கொண்டிருக்கும் கண்ணுக்கு, பிள்ளைக்கு நன்கு தெரிந்த மாமாவோ, டியூட்டரி ஆசிரியரோ, கோயிலில் முன்வரிசையில் நிற்பவரோ தென்படுவதில்லை. சிறுவர் மீதான பாலியல் துஷ்பிரயோகத்தில் பெரும்பகுதி அறிமுகமான ஆட்களாலேயே நடக்கிறது என்பதை உலகின் எல்லாப் பக்கத்து ஆய்வுகளும் காட்டுகின்றன.

எங்களுக்கே உரிய சிக்கல் 'புனர்வாழ்வு' என்ற சொல். வேறெந்தத் தமிழ்ப் பிரதேசத்திலும் அந்தச் சொல் இவ்வளவு பாரத்தைச் சுமக்கவில்லை. 2009 க்குப் பின் முன்னாள் போராளிகள் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்த முகாம்களுக்கு அரசு வைத்த பெயர் அதுதான். பிறகு போதைப்பொருள் பாவனையாளர்களை அனுப்பும் இடங்களுக்கும் அதே பெயர் வந்தது. புனர்வாழ்வுப் பணியகத்துக்கென 2023 இன் 2 ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. ஆகவே "பாலியல் குற்றவாளிகளுக்குப் புனர்வாழ்வு" என்று வன்னியில் ஒரு தாயிடம் சொன்னால், அவவின் மனதில் முள்வேலியும் விசாரணையும் வந்து நிற்கும். நான் 'சீர்திருத்தம்', 'சிகிச்சை', 'சமூகத்துடன் மீளிணைத்தல்' என்று பிரித்தே எழுதுகிறேன். இந்த மூன்றும் மூன்று வேலைகள்.

இன்னொன்று. தமிழகத் தொலைக்காட்சியும் யூடியூப்பும் பார்த்து வளர்ந்த நம் மாணவர்கள் 'போக்சோ' என்று எழுதுகிறார்கள். அது 2012 இல் இந்தியாவில் வந்த சட்டம், அதன்படி 18 வயதுக்குக் குறைந்தவர் எல்லோரும் குழந்தை. இலங்கையில் அது செல்லாது. எங்களுடையது வேறு சட்டம், வேறு வயதெல்லை.

இரண்டாம் படி: சட்டத்தை மூலத்திலிருந்தே வாசியுங்கள்

யாரோ தொகுத்த குறிப்புகளில் தொடங்க வேண்டாம். தண்டனைச் சட்டக்கோவை 1883 இன் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதில் பாலியல் குற்றங்கள் பற்றிய பகுதியைப் பெரிதாக மாற்றியது 1995 இன் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். பின்னர் 1998 இலும் 2006 இலும் திருத்தங்கள் வந்தன. பழைய பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன், கவனம்.

கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஒரு பிரிவு என்று எழுதுங்கள். 345 பாலியல் தொந்தரவு. 360பி பிள்ளைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுதல். 363 வல்லுறவுக்கான வரைவிலக்கணம், 364 அதற்கான தண்டனை. 364ஏ நெருங்கிய உறவினருக்கிடையிலான குற்றம். 365பி பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம். ஒவ்வொன்றின் கீழும் நான்கு கேள்விகள்: குற்றம் செய்பவர் யாராக இருக்கலாம், பாதிக்கப்படுபவர் யாராக இருக்கலாம், சம்மதம் எப்போது பொருட்படாது, ஆகக் குறைந்த தண்டனை என்ன.

இப்படி எழுதும்போது சட்டத்தின் ஓட்டைகள் உங்கள் கண்ணிலேயே படும். 363 இன்படி வல்லுறவு ஆண் பெண்ணுக்குச் செய்வது மட்டுமே. ஓர் ஆண்பிள்ளைக்கு நடந்தால் பெரும்பாலும் 365பி க்குத்தான் போகவேண்டும். மனைவி மீதான வல்லுறவு, நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்பட்ட நிலையில் மட்டுமே குற்றமாகிறது. சம்மதத்துக்கான வயது 1995 இல் 12 இலிருந்து 16 ஆக உயர்ந்தது. ஆனால் 12 வயதைக் கடந்த மனைவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்ற விதிவிலக்கு அதே பிரிவுக்குள் இன்னும் இருக்கிறது. 365, 365ஏ இரண்டும் வயதுவந்தோர் ஒருவரையொருவர் விரும்பிக் கொள்ளும் ஒருபால் உறவையும் குற்றமாக்குகின்றன. ஆளுக்கு ஆள் இழைக்கும் தீங்கையும், சட்டம் வெறுமனே வெறுக்கும் நடத்தையையும் ஒரே அட்டவணையில் போட்டு எண்ணிவிடக் கூடாது.

363 இன் கீழுள்ள விளக்கத்தைத் தயவுசெய்து மனப்பாடம் செய்யுங்கள். உடலில் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள், சம்மதம் இல்லை என்று நிறுவ அவசியமில்லை என்று அது சொல்கிறது. "காயமே இல்லையாமே" என்று சந்தியில் நின்று கதைப்பவர்களுக்கு 1995 இலேயே சட்டம் பதில் சொல்லிவிட்டது. ஒரு உளவியல் மாணவிக்கு இந்த ஒரு வரி பத்து விரிவுரைக்குச் சமம். உறைந்துபோதல் என்ற உடலின் இயல்பான எதிர்வினையைச் சட்டம் ஏற்கும் இடம் இது.

தண்டனை பற்றி. வல்லுறவுக்கு 7 முதல் 20 ஆண்டு கடூழியச் சிறை. பாதுகாப்பில் வைத்திருந்தவர் செய்தல், கூட்டாகச் செய்தல், 18 வயதுக்குக் குறைந்தவருக்குச் செய்தல் போன்றவற்றில் 10 முதல் 20. ஆனால் 2008 இல் அநுராதபுரம் மேல் நீதிமன்றம் கேட்ட கேள்விக்கு உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான பதிலைத் தந்தது. 16 வயதுக்குக் குறைந்தவர் தொடர்பான வழக்கில் ஆகக் குறைந்த கட்டாயத் தண்டனை நீதிபதியின் கையைக் கட்ட முடியாது என்பதே அதன் சாரம். ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பற்றி இன்று நடக்கும் சூடான வாதங்களுக்கெல்லாம் அடியில் இந்தத் தீர்மானம் இருக்கிறது. 15 வயதுப் பெண்பிள்ளையும் 18 வயதுப் பெடியனும் விரும்பி ஓடிப்போன வழக்குக்கும், 50 வயது உறவினர் 8 வயதுப் பிள்ளைக்குச் செய்ததற்கும் ஒரே பிரிவு பொருந்துகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதை வாசியுங்கள். இரண்டு பக்க நியாயமும் உங்களை வருத்த வேண்டும். ஒரு பக்கம்தான் வருத்துகிறது என்றால் திரும்ப வாசியுங்கள்.

மூன்றாம் படி: ஒரு முறைப்பாட்டின் பின்னாலேயே நடந்து பாருங்கள்

பொலிஸ் நிலையத்துச் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவு, வாக்குமூலம், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை, நீதவான் நீதிமன்றம், விளக்கமறியலா பிணையா என்ற தீர்மானம், சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகும் கோவை, குற்றப்பகிர்வுப் பத்திரம், மேல் நீதிமன்ற விளக்கம் (வழக்கு விசாரணை), தீர்ப்பு, மேன்முறையீடு. இதைக் கோடு போட்டு வரைந்து, ஒவ்வொரு கண்ணியிலும் அந்தப் பிள்ளை தன் கதையை எத்தனையாவது தடவை சொல்கிறது என்று எழுதுங்கள். அந்த எண்ணைக் கூட்டிப் பார்த்த நாளில்தான் நடைமுறைச் சட்டம் எனக்குப் பாடமாக இல்லாமல் வேறொன்றாகத் தெரிந்தது.

அந்த எண்ணைக் குறைக்கவென்றே வந்த சட்டங்களும் உண்டு. சிறுவர் சாட்சியின் ஆரம்ப நேர்காணலை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் பயன்படுத்த 1999 இன் 32 ஆம் இலக்கச் சான்றுச் சட்டம் வழிசெய்தது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்பு 2015 இன் 4 ஆம் இலக்கச் சட்டமாக வந்து, இப்போது அதன் இடத்தில் 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தண்டனை தீர்மானிக்கப்பட முன், அந்தக் குற்றம் தன் வாழ்க்கையை என்ன செய்தது என்று பாதிக்கப்பட்டவர் நீதிமன்றுக்குச் சொல்லலாம் என்ற உரிமையை 2015 சட்டம் தந்தது. இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாசிப்பது ஒரு நல்ல முதலாம் ஆண்டுக் கட்டுரைக்கு விடயம்.

மருத்துவமனைகளில் 'நட்பு நிலையம்' என்றொரு அறை இருக்கும். வன்முறைக்கு உள்ளானோருக்காகச் சுகாதார அமைச்சு நடத்துவது. அங்கே வேலை செய்யும் தாதியிடம் அரை மணித்தியாலம் கதைத்தால், புத்தகத்தில் இல்லாத பலதைக் கற்கலாம். எந்தப் பாதிக்கப்பட்டவரைப் பற்றியும் கேட்காதீர்கள். வேலை எப்படி நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போய் உட்காருங்கள். பாலியல் குற்ற விளக்கங்கள் பல மூடிய மன்றில் நடக்கும், உங்களை வெளியே போகச் சொல்வார்கள். அது சரியானதே. மற்ற வழக்குகளைப் பார்த்தாலே மொழி பிடிபடும். தொலைபேசியை நிறுத்தி, அடக்கமான உடுப்போடு, முன்கூட்டியே பதிவாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கை எடுத்துக்கொள்ளாமல் யாழ்ப்பாணத்தில் இந்தத் துறையைப் படிக்க முடியாது. அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியும். நான் எழுதப்போவதில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 365சி, பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. ஊரே சொல்லிவிட்டது என்பதற்காக அந்தப் பழக்கத்தை நாமும் கைக்கொள்ள வேண்டியதில்லை. மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் யாழ்ப்பாணத்திலேயே இருந்து விசாரித்து, 2017 செப்டெம்பர் 27 இல் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்து இரண்டு பேரை விடுவித்தது. இலங்கையில் 1976 க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. எனவே மரண தண்டனை என்பது நடைமுறையில் நீண்ட சிறை. அந்த மே மாதத்தில் மக்கள் கொதித்துத் தெருவுக்கு வந்ததையும், யாழ் நீதிமன்றக் கட்டடத்தொகுதி தாக்கப்பட்டதையும் சேர்த்துப் படியுங்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1996 இல் செம்மணியில் ஒரு மாணவிக்கும் அவரைத் தேடிப்போனவர்களுக்கும் இராணுவத்தினர் செய்தது, அதற்காக 1998 இல் கொழும்பில் வந்த தீர்ப்பு, தீர்ப்பே வராமல் போன எத்தனையோ சம்பவங்கள். அந்த நினைவு உள்ள மண்ணில் நின்றுகொண்டு குற்றவாளியின் சீர்திருத்தம் பற்றிக் கதைக்கிறோம். கேட்பவர் முகம் இறுகினால் அதற்கு நியாயம் உண்டு.

நான்காம் படி: குற்றம் செய்தவரைப் பற்றி உலகம் அறிந்ததைப் படியுங்கள்

இங்கேதான் நான் உங்களை அதிக நேரம் இருக்கச் சொல்வேன், ஏனென்றால் இங்கேதான் எம்மிடம் ஆள் இல்லை.

முதலில் ஒரு வேறுபாடு. சிறுவர் மீது நிலையான பாலியல் ஈர்ப்பு கொண்டிருப்பது மனநல மருத்துவம் வைக்கும் ஒரு பெயர். சிறுவர் மீது பாலியல் குற்றம் செய்வது சட்டம் வைக்கும் பெயர். குற்றம் செய்தவர் எல்லோருக்கும் அந்த ஈர்ப்பு இல்லை. ஈர்ப்பு உள்ள எல்லோரும் குற்றம் செய்வதும் இல்லை. 2005 இல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனை தொடங்கிய திட்டம் ஒன்று, குற்றம் செய்ய முன்பே உதவி கேட்டு வருபவர்களுக்கு இரகசியம் காத்துச் சிகிச்சை தருகிறது. இந்த வேறுபாடு இல்லாவிட்டால் அப்படியொரு எண்ணமே பிறந்திருக்காது.

காரணம் பற்றிய கோட்பாடுகளில் டேவிட் ஃபிங்கெல்ஹோர் 1984 இல் முன்வைத்த நான்கு முன்நிலைகளில் தொடங்குங்கள். செய்யும் உந்துதல், மனத்துள்ளான தடையை மீறுதல், வெளித் தடைகளை மீறுதல், பிள்ளையின் எதிர்ப்பை மீறுதல். இந்த வரிசையின் பயன் உடனே கைக்கு வரும். டியூட்டரியில் மூடிய கதவு, தாய் மத்திய கிழக்கில், தகப்பன் குடியில், பிள்ளைக்குப் பரிசு தரும் ஒருவர்: எந்தத் தடை எங்கே கழன்றது என்று வரைந்து பார்க்கலாம். எந்த இடத்தில் நாங்கள் குறுக்கே நின்றிருக்கலாம் என்பதும் தெரியும்.

அடுத்து சீர்திருத்தம். 1974 இல் அமெரிக்காவின் ரொபர்ட் மார்ட்டின்சன், சிறைச் சீர்திருத்தத் திட்டங்களைப் பற்றி எழுதிய கட்டுரை 'எதுவும் பயன் தராது' என்று சுருங்கி உலகெங்கும் பரவியது. 1979 இல் அவரே தன் முடிவைத் தளர்த்திக்கொண்டார். ஆனால் முதற்செய்தி போன தூரத்துக்குத் திருத்தம் போகவில்லை. கனடாவின் ஆன்ட்ரூஸ், பொண்டா, ஹோஜ் ஆகியோர் 1990 இல் ஆபத்து, தேவை, ஏற்புநிலை என்ற மூன்று தத்துவங்களை எழுதினார்கள். மீண்டும் குற்றம் செய்யும் ஆபத்து கூடியவருக்கே தீவிரச் சிகிச்சை. குற்றத்தோடு நேரடியாகத் தொடர்புடைய தேவைகளிலேயே வேலை. அந்த ஆள் கற்கக்கூடிய முறையிலேயே கற்பித்தல். நியூசிலாந்தின் டோனி வோர்ட், இது போதாது, அந்த மனிதருக்கு வாழ்வதற்கு ஒரு நல்ல வாழ்க்கையும் வேண்டும் என்று 'நல்வாழ்க்கை மாதிரி'யை வளர்த்தார். எங்கள் மாணவர்கள் இரண்டாவதை உடனே விரும்புவார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் முதலாவதைக் கைவிட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தால், மனதுக்கு இதமான பேச்சு மட்டும் மிஞ்சும்.

எண்கள். ஹான்சனும் புசியேரும் 1998 இல் 61 ஆய்வுகளைத் தொகுத்தபோது, நான்கைந்து ஆண்டுகளில் மீண்டும் பாலியல் குற்றத்தில் பிடிபட்டவர்கள் 13.4 வீதம். 2005 இல் ஹான்சன் இன்னொருவருடன் சேர்ந்து 82 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் ஏறத்தாழ அதே அளவு, 13.7. பெரும்பாலானோர் 'எல்லோரும் திரும்பச் செய்வார்கள்' என்றே நம்புகிறார்கள். எண் அப்படிச் சொல்லவில்லை. அதேவேளை இது பிடிபட்டவர்களின் எண் மட்டும். முறைப்பாடே செய்யப்படாதவை இதற்குள் இல்லை. எங்கள் ஊரில் மானம் என்ற பெயரில் எத்தனை புதைக்கப்படுகின்றன என்று நினைத்துப் பார்த்தால், இந்த எண்ணை அப்படியே இங்கே ஒட்ட முடியாது என்பது விளங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தலைக்குள் வைத்திருக்கப் பழகுங்கள். கூட்டங்களில் உங்களை ஒரு பக்கம் இழுப்பார்கள்.

சிகிச்சை பலன் தருமா? லோசல், ஷ்முக்கர் இருவரும் 2015 இல் 29 ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சிகிச்சை பெற்றோரில் 10.1 வீதம், பெறாதோரில் 13.7 வீதம் மீண்டும் குற்றம் செய்திருந்தனர். சிறிய வேறுபாடு, ஆனால் அதற்குள் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்கு எதிர்ச் சான்றும் உண்டு. இங்கிலாந்துச் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்கென நீண்டகாலம் நடந்த மையச் சிகிச்சைத் திட்டத்தை 2017 இல் மதிப்பிட்டபோது, சிகிச்சை பெற்றோரில் 10 வீதமும் பெறாதோரில் 8 வீதமும் திரும்பக் குற்றம் செய்திருந்தது தெரியவந்தது. அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். நல்லெண்ணத்தோடு செய்த சிகிச்சையும் தீங்காக முடியலாம். வெளிநாட்டுக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து ஒரு சிறைக்குள் ஆறு நாள் பயிற்சி நடத்தத் துடிக்கும் எவருக்கும் இந்த ஒரு அறிக்கையை வாசிக்கக் கொடுங்கள்.

ஆபத்து மதிப்பீட்டுக் கருவிகளில் ஸ்டற்றிக் 99 என்பதுதான் பரவலானது. வயது, முந்தைய குற்றம், பாதிக்கப்பட்டவருடனான உறவு போன்ற பத்து விடயங்களுக்குப் புள்ளி இடுவது. மேற்கு நாட்டுப் பதிவுகளில் இருந்து பிறந்தது. முந்தைய தண்டனை என்ற கேள்விக்கு இங்கே 'இல்லை' என்ற பதில் வருவதற்கு, அந்த ஆள் முன்பு குற்றம் செய்யாமல் இருந்ததும் காரணமாகலாம், வழக்கு பதியப்படாமல் போனதும் காரணமாகலாம். தமிழில் இதைச் சரிபார்ப்பது ஒரு முழுக் கலாநிதி ஆய்வுக்கான வேலை. செய்ய விரும்பும் ஒருவருக்காக நான் காத்திருக்கிறேன்.

கடைசியாக, 1994 இல் கனடாவின் ஹமில்டனில் தொடங்கிய 'ஆதரவும் பொறுப்புக்கூறலும்' வட்டங்கள். சிறையிலிருந்து வந்த, யாருமற்ற ஒருவரைச் சுற்றிப் பயிற்சி பெற்ற நான்கைந்து தொண்டர்கள் கிழமைக்குக் கிழமை சந்திப்பார்கள். உதவியும் செய்வார்கள், கண்ணும் வைத்திருப்பார்கள். பொய் சொன்னால் முகத்துக்கு நேரே கேட்பார்கள். எங்கள் ஒழுங்கையில் வேலியை உயர்த்திய மூன்று வீடுகளையும் நினைத்துக்கொண்டு இதை வாசித்தேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு வழி எவரும் காட்டவில்லை.

ஐந்தாம் படி: இங்கே இருப்பவற்றை அறியுங்கள்

கொழும்பு வெலிக்கடை மதிலில் 'சிறைக்கைதிகளும் மனிதர்களே' என்று எழுதியிருக்கும். சிறைச்சாலைகள் இன்னும் 1877 இன் கட்டளைச் சட்டத்தின் கீழேயே இயங்குகின்றன. நெரிசலான சிறையில் தையலும் தச்சும் பழக்குவார்கள். அது வேலை தரும், பாலியல் குற்றத்துக்குரிய சிகிச்சை ஆகாது.

1944 இன் கட்டளைச் சட்டம் நன்னடத்தை உத்தியோகத்தர்களை உருவாக்கியது. 1999 இன் 46 ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளைகளைக் கொண்டுவந்தது. பின்னையது பெரும்பாலும் சிறு குற்றங்களுக்கே, ஆகவே நம் துறைக்குள் அதிகம் வராது. ஆனால் அந்த உத்தியோகத்தர்களின் அனுபவம் வரும்.

சிறுவரே குற்றம் செய்யும்போது கதை வேறு. குற்றப் பொறுப்புக்கான வயது 2018 இல் 12 ஆக உயர்ந்தது. 12 க்கும் 14 க்கும் இடைப்பட்டவரின் முதிர்ச்சியை நீதவான் பார்த்துத் தீர்மானிப்பார். அச்சுவேலியில் இருக்கும் சான்றுபெற்ற பாடசாலை இப்படியான பிள்ளைகளுக்கானது. வெளிநாட்டு ஆய்வுகளில் பதின்வயதினர் மீண்டும் பாலியல் குற்றம் செய்வது ஏறத்தாழ 5 வீதம் மட்டுமே. ஒரு 13 வயதுப் பெடியனை 'பாலியல் குற்றவாளி' என்று கோவையில் எழுதும் முன் இந்த எண்ணை நினையுங்கள்.

ஆறாம் படி: எங்கே சேர்வது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம், சமூகவியல், உளவியல் மூன்றும் உண்டு. குற்றவியல் தனிப் பட்டம் வேண்டுமானால் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் அதற்கென ஒரு துறையே இருக்கிறது. வேலையோடு படிக்க விரும்புவோருக்குக் கொக்குவிலில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம். சமூகப் பணிக்குத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். இந்தியாவுக்குப் போகக்கூடியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையையும், திருநெல்வேலியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் இடமும் திருநெல்வேலிதான், அதனால் வீட்டில் சொல்லும்போது எந்தத் திருநெல்வேலி என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

எதைப் படித்தாலும் ஆங்கிலத்தை விடாதீர்கள், சிங்களத்தைத் தொடங்குங்கள். ஆய்வுகள் ஆங்கிலத்தில், சிறைக் கோவைகளும் பொலிஸ் புத்தகங்களும் பெரும்பாலும் சிங்களத்தில், பிள்ளையின் வாக்குமூலம் தமிழில். மூன்றுக்கும் இடையில் நிற்கக்கூடிய ஒருவர் வடக்கில் பொன்னுக்குச் சமம். பிள்ளை சொன்ன 'நோண்டினார்' என்ற ஒரு சொல் மொழிபெயர்ப்பில் என்னவாகிறது என்பதிலேயே ஒரு வழக்கு தங்கலாம்.

ஏழாம் படி: உங்களையும் காத்துக்கொள்ளுங்கள்

முதல் வருடத்தில் நான் நித்திரை இல்லாமல் இருந்தேன். பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் ஒவ்வொரு ஆம்பிளையையும் சந்தேகத்தோடு பார்த்தேன். இது வரும். இரவில் தீர்ப்புகளை வாசிக்காதீர்கள். கதைக்க ஒரு மூத்தவரை வைத்திருங்கள். போர்க்காலத்தில் இருந்தே யாழ்ப்பாணத்தில் ஆற்றுப்படுத்தல் மரபு வளர்ந்திருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். உங்களுக்கே இப்படி ஒன்று சிறுவயதில் நடந்திருந்தால் துறையை விட்டு ஓடத் தேவையில்லை. அதைச் சுமந்தபடி தனியே வராதீர்கள். மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929, பெண்களுக்கு 1938.

எட்டாம் படி: ஒரு சிறிய கேள்வியோடு ஆய்வைத் தொடங்குங்கள்

பாதிக்கப்பட்ட பிள்ளைகளை நேர்காணப் போகிறேன் என்று இளமாணி மாணவர்கள் சொல்லும்போது நான் தடுக்கிறேன். அந்தப் பிள்ளை ஏற்கெனவே போதிய தடவை சொல்லிவிட்டது. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எந்த மனிதரிடமும் கேள்வி கேட்காதீர்கள். கடதாசியில் இருந்து தொடங்கலாம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகள் இணையத்தில் இருக்கின்றன. பொலிஸின் ஆண்டுக் குற்றப் புள்ளிவிபரம், சிறைச்சாலைகள் திணைக்களத்தின் ஆண்டுத் தொகுப்பு ஆகியவை வெளிவருகின்றன. கிடைக்காததை 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தனி ஆட்களின் விபரத்தைக் கேட்காமல், நடைமுறையைக் கேளுங்கள்.

என் கையில் இருந்தால் உங்களுக்குத் தரும் முதற்கேள்வி இதுதான். பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் விடுதலையாகும் நாளில், அந்தச் செய்தி யார் யாருக்குப் போகிறது? சிறைச்சாலை, பொலிஸ் நிலையம், நன்னடத்தை அலுவலகம், பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், கிராம அலுவலர் என்று ஐந்து இடங்களுக்கும் இதே கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள். வரும் பதில்களை ஐந்து நிரல்களில் எழுதுங்கள். ஆறாவது நிரலின் தலைப்பில் 'பிள்ளையின் தாய்' என்று எழுதி, அவவுக்குச் சொல்வது தன் பொறுப்பு என்று அந்த ஐந்து பதில்களில் எது சொல்கிறது என்று தேடுங்கள்.